ஊசியும் வேண்டும், இடமும் வேண்டும்

நம் மாவட்டத்தில் ஒரு காலனியில் 21 வயதுப் பெண் ஒருவரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தோம். இறக்கும்போது அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. நடந்தால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் இருமல் வருகிறது என்று இரண்டு முறை மருத்துவரிடம் போயிருக்கிறார். இரத்தம் குறைவாக இருக்கிறது என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை 108 வண்டியில்தான் போனார். பெரிய மருத்துவமனையில் அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்த மருத்துவர், உடன் வந்த தாயிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?”

வந்திருந்தது. ஒன்பது வயதில் வந்தது. அந்தத் தாய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்து நம் கையில் கொடுத்தார். அதில் 23 தேதிகள் இருந்தன. ஒவ்வொரு தேதிக்கும் இடையே மூன்று வாரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு செவிலியரின் சுருக்கக் கையெழுத்து. அதற்குப் பிறகு நோட்டில் எதுவும் இல்லை.

“ஊசி போட்டுக்கினு வந்தா ரெண்டு நாளைக்குக் காலை ஊணவே மாட்டா. பக்கத்து ஆஸ்பத்திரியில இந்த ஊசிய நாங்க போட மாட்டோம், டவுனுக்குப் போங்கன்னுட்டாங்க. போவ வர ஒரு நாள் கூலி பூடும். புள்ளையும் நல்லா ஓடியாடிக்கினுதான் இருந்தா. அப்படியே வுட்டுட்டோம்ணா” என்றார்.

விட்டது அந்தத் தாய் அல்ல. இந்தப் பத்தியில் நாம் சொல்ல வருவது அதுதான்.

தொண்டையில் தொடங்குவது

அந்தக் காய்ச்சலுக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டுவாதக் காய்ச்சல் என்றும் சொல்வதுண்டு. பெயரில் மூட்டு இருந்தாலும் அது கெடுப்பது இதயத்தை. மூட்டை நக்கிவிட்டுப் போகும், இதயத்தைக் கடித்துவிடும் என்று மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்வார்கள். அது தொடங்கும் இடமோ இரண்டையும் விட்டுத் தள்ளி, தொண்டையில் இருக்கிறது.

குழந்தைகளுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. நாலைந்து நாளில் தாமாகவே போய்விடும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் ஏ பிரிவால் வரும் தொண்டைப் புண் அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை அது பிடிக்கும். எச்சில் விழுங்க முடியாத வலி, காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டுதல், உள்நாக்குக்கு இருபுறமும் சிவந்து வெள்ளை படிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைப்போம், சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துத் தொண்டையில் தடவுவோம். வலி போய்விடும். பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். நாமும் மறந்துவிடுவோம்.

இரண்டு மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு மீண்டும் காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கும். அது வடிவதற்குள் கணுக்கால் வீங்கும், பிறகு மணிக்கட்டு, முழங்கை என்று வலி இடம் மாறிக்கொண்டே போகும். கிருமி மூட்டுக்குப் போய்விட்டது என்று இதற்குப் பொருளல்ல. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் ஆளை மாற்றி அடிக்கின்றன. கிருமியின் மேலுறையில் உள்ள புரதமும் நம் இதயத்தில் உள்ள புரதமும் சாயலில் ஒத்திருப்பதால், கிருமியைத் தாக்க வேண்டியவை சொந்த இதயத்தையே தாக்குகின்றன. இதயத்தின் தசை, உள்ளுறை, வெளியுறை மூன்றிலும் அழற்சி உண்டாகலாம்.

மூட்டு வீக்கம் தடம் தெரியாமல் ஆறிவிடும். இதய வால்வில் வந்த புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். அடுத்த முறை அதே கிருமி தொண்டைக்கு வந்தால் மீண்டும் காய்ச்சல், மீண்டும் அழற்சி, தழும்பின் மேல் தழும்பு. இப்படிப் பழுதான வால்வு சிலருக்குச் சுருங்கிவிடும், சிலருக்குச் சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கி ஒழுகும். பெரும்பாலும் கெடுவது இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வு. வெளியில் ஒன்றும் தெரியாது. பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட ஓடிவிடும். கர்ப்ப காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்போது, சுருங்கிய வால்வு அதைத் தாங்காது. நுரையீரலில் நீர் கோக்கும். நம் காலனிப் பெண்ணுக்கு நடந்தது அதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ருமாட்டிக் இதய நோயால் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அதில் பெரும் பங்கு இந்தியா, ஆப்பிரிக்க நாடுகள் போன்ற ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்கிறது. 2018 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை இந்த நோயைத் தடுக்க ஒரு தீர்மானமே நிறைவேற்றியது.

அழுக்கு அல்ல, நெருக்கம்

சேரிப் பிள்ளைகளுக்கு ஏதாவது நோய் வந்தால் உடனே ஒரு பேச்சு வரும்: சுத்தம் இல்லை, அதனால் வருகிறது. படித்தவர்களும் சொல்கிறார்கள், சில நேரம் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களும் சொல்கிறார்கள். இந்த நோயைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு பொய் என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அறிவியல் காட்டிவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க இராணுவப் பாசறைகளில் ருமாட்டிக் காய்ச்சல் பெரிய தலைவலியாக இருந்தது. வயோமிங் மாநிலத்தில் இருந்த வாரன் விமானப்படைத் தளத்தில் மருத்துவர் சார்லஸ் ராமல்காம்பும் அவருடைய குழுவினரும் 1949 முதல் ஆய்வு நடத்தினார்கள். அங்கிருந்த வீரர்கள் வாட்டசாட்டமான இளைஞர்கள். மூன்று வேளையும் வயிறார உண்டவர்கள். தினமும் குளித்துச் சலவை உடுப்பு உடுத்தியவர்கள். அப்படியிருந்தும் அவர்களுக்கு இந்த நோய் வந்தது. ஏன் என்று பார்த்தபோது கிடைத்த விடை எளிமையானது. தொண்டையில் கிருமி உள்ளவரின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்களுக்கு அதிகம் தொற்றியது. கட்டில் தள்ளிப் போகப் போகத் தொற்று குறைந்தது. கிருமி உள்ளவர்கள் போர்த்திய போர்வையை மற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அதனால் நோய் பரவவில்லை. தரைத் தூசியையும் சோதித்தார்கள், அதனாலும் பரவவில்லை. இருமும்போதும் பேசும்போதும் ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படும் நெருக்கமே நோயைப் பரப்பியது.

அதாவது போர்வையின் அழுக்குக்கு இதில் பங்கில்லை. படுக்கைகளின் இடைவெளிக்கே பங்கு.

இனி நம் காலனிக்கு வருவோம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே தூரம் வைத்தார்கள். தெருவைத் தள்ளி வைத்தார்கள், குளத்தைத் தள்ளி வைத்தார்கள், சுடுகாட்டைத் தள்ளி வைத்தார்கள். ஆனால் சேரிக்குள் இருக்கும் வீட்டில் பாய்க்கும் பாய்க்கும் நடுவே ஒரு சாண் தூரம் கிடையாது. தாத்தா பெயரில் கிடைத்த தொகுப்பு வீட்டில் இன்று மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. காலனி பெருகினாலும் விரிய இடமில்லை. சுற்றிலும் இருப்பது ஊர்க்காரர்களின் பட்டா நிலம். காசு கொடுத்தாலும் சேரிக்காரர்களுக்கு மனை விற்க மறுக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. ஆதிதிராவிடர்களுக்கு மனை வழங்குவதற்காக நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1978-இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஆனால் நில உரிமையாளர் வழக்குப் போட்டால் கோப்பு ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது. பட்டா கையில் இருந்தும் மனை எங்கே என்று அளந்து காட்டப்படாதவர்கள் பல வட்டங்களில் இருக்கிறார்கள்.

ஒன்றிய அரசின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. சமையல் செய்யும் இடமும் இதற்குள் அடக்கம். ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு 45 சதுர அடிகூட வராது. அதிலேயே அடுப்பு, அரிசி மூட்டை, துணிமணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் படுத்தால், ஒரு பிள்ளையின் தொண்டையில் இருக்கும் கிருமி அடுத்த பிள்ளைக்குப் போக எத்தனை நாள் ஆகும்?

மாணவர் விடுதிகளின் நிலை இன்னும் மோசம். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் நல்ல பெயர். ஆனால் பல விடுதிகளில் பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டித் தரையில்தான் படுக்கிறார்கள். வாரன் தளத்து வீரர்களுக்காவது கட்டில் இருந்தது. நம் பிள்ளைகளுக்குக் கட்டிலும் இல்லை, இடைவெளியும் இல்லை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இந்த நோய் ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளில் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. பென்சிலின் 1940-களில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பே அங்கே இந்த நோய் குறையத் தொடங்கிவிட்டது. வீடு விசாலமானது, கூலி உயர்ந்தது, நெருக்கடி தளர்ந்தது. பணக்கார நாடான ஆஸ்திரேலியாவில் வெள்ளையர்களிடம் இந்த நோய் அநேகமாக மறைந்துவிட்டது. அதே நாட்டின் பூர்வகுடிக் குழந்தைகளிடம் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரே நாடு, ஒரே மருந்து, ஒரே கிருமி. வாழும் வீடு வேறு. நியூசிலாந்தில் மாவோரி குழந்தைகளுக்கும் பசிபிக் தீவுக் குழந்தைகளுக்கும் இதே கதைதான். அங்கே 2013 முதல் இந்த நோயைத் தடுக்கும் திட்டத்தின் பகுதியாகவே நெருக்கடியான வீடுகளுக்குக் கட்டிலும் போர்வையும் வாங்கிக் கொடுக்கிறார்கள், வீட்டைச் செப்பனிட உதவுகிறார்கள். இட நெருக்கடியை ஒரு நோய்க் காரணமாக அந்த அரசு ஏற்றுக்கொண்டது. நம் அரசும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அடி வாங்கும் நோயாளி

இந்த நோய் நம் பிள்ளைகளிடம் எத்தனை விதமாகத் தவறவிடப்படுகிறது என்று பாருங்கள். முழங்கால் வலிக்கிறது என்றால் வளருகிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்கிறோம். வாயு என்கிறோம். ஓடினால் மூச்சு வாங்குகிறது என்றால் சோம்பேறி என்கிறார் விளையாட்டு ஆசிரியர்.

இதன் இன்னொரு வடிவம் நெஞ்சை உலுக்குவது. சில பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, தொண்டைத் தொற்று வந்து சில மாதம் கழித்துக் கை கால்கள் அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லாமல் துள்ளும். முகம் கோணும். கையில் பிடித்த டம்ளர் நழுவும். எழுத்து கிறுக்கலாகும். காரணமே இல்லாமல் அழுகை வரும். மருத்துவத்தில் இதற்கு சைடன்ஹாம் கொரியா என்று பெயர். ருமாட்டிக் காய்ச்சலின் தெளிவான அடையாளங்களில் ஒன்று இது. வகுப்பறையில் இதற்குக் கிடைப்பது சேட்டை செய்கிறாள் என்ற பட்டமும் பிரம்படியும். வீட்டில் கிடைப்பது வேப்பிலை அடி. நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கெட்டால், ஆசிரியர்களே, தயவுசெய்து பிரம்பை எடுக்காதீர்கள். பெற்றோரை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பெரியவளாகிக் கர்ப்பம் தரித்த பிறகு மூச்சு வாங்கினால் இரத்தச் சோகை என்ற ஒரே விடைதான். இரத்தச் சோகை நம் பெண்களிடம் அதிகம் என்பது உண்மை. அதனாலேயே அதன் பின்னால் இந்த நோய் ஒளிந்துகொள்கிறது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்க ஒரு நிமிடம் போதும். தொட்டுப் பார்த்து மருத்துவம் செய்யும் அந்த ஒரு நிமிடத்துக்குக்கூட நம் பெண்கள் கேட்டு வாங்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

இந்த நோயைத் தடுக்கப் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வாரன் தளத்தில் அந்தக் குழுவே அதையும் நிறுவியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண் வந்தவர்களுக்கு உரிய நேரத்தில் பென்சிலின் கொடுத்தபோது ருமாட்டிக் காய்ச்சல் வருவது மிகவும் குறைந்தது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாள் வரை சிகிச்சையைத் தொடங்கினாலும் பலன் உண்டு.

ஒருமுறை காய்ச்சல் வந்துவிட்டால் அது திரும்ப வராமல் தடுக்க பென்சத்தின் பென்சிலின் என்ற நீடித்து நிற்கும் ஊசி இருக்கிறது. பெனிடியூர் ஊசி என்று பலர் சொல்வார்கள். 21 நாளுக்கு ஒரு முறை, ஆண்டுக்கு ஏறத்தாழ 17 ஊசி. இதயம் பாதிக்கப்படாத பிள்ளைக்குக் குறைந்தது 5 ஆண்டு அல்லது 18 வயது வரை போட வேண்டும். இதயம் லேசாகப் பாதிக்கப்பட்டிருந்தால் 10 ஆண்டு அல்லது 25 வயது வரை. கடுமையாகப் பாதித்திருந்தால் வாழ்நாள் முழுதும். இரண்டில் எது நீண்டதோ அதுதான் கணக்கு. நம் காலனிப் பெண்ணுக்கு 25 வயது வரையாவது போட்டிருக்க வேண்டும். 270-க்கும் மேற்பட்ட ஊசிகள் போட வேண்டிய இடத்தில் 23 போடப்பட்டன.

விலை உயர்ந்த மருந்தா இது? இல்லை. எளிதில் கிடைக்காததா? அரசு மருத்துவமனையில் இருக்கிறது. பிறகு ஏன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட மறுக்கிறார்கள்? பென்சிலின் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்ற அச்சம்தான் காரணம். அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கடுமையான ஒவ்வாமை மிக அரிதாக வருவது. முன்கூட்டிச் சோதித்து, அட்ரினலின் மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தால் அதைச் சமாளிக்க முடியும். இதயம் ஏற்கெனவே மிகவும் பழுதானவர்களுக்கு ஊசியா, மாத்திரையா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடலாம். அரிதாக வரும் ஆபத்தைத் தன் மேல் ஏற்றுக்கொள்ளாமல் டவுனுக்குப் போ என்று அனுப்பும்போது, நிச்சயமாக வரப்போகும் ஆபத்து ஒரு கூலித் தாயின் தலையில் ஏற்றப்படுகிறது. அவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியையும் பேருந்துக் காசையும் பிள்ளையின் ஒரு நாள் படிப்பையும் கொடுத்து அந்த ஊசியை வாங்க வேண்டும். எத்தனை முறை முடியும்? அவரால் 23 முறை முடிந்தது.

வால்வு கெட்ட பிறகு நம் அரசு கைவிடுவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு அறுவைச் சிகிச்சைக்கு இடம் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கிய செயற்கை வால்வு 1990 முதல் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டு வருகிறது. சுருங்கிய வால்வைப் பலூன் மூலம் விரிக்கும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் நடக்கிறது. இவையெல்லாம் உயிர் காப்பவை, வேண்டியவை. ஆனால் உலோக வால்வு வைத்தவர் இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும், அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த மாத்திரையோடு பிள்ளை பெறுவது ஆபத்து. கடன் வாங்கி, நகை விற்று, வேலை இழந்து ஒரு குடும்பமே அந்த வால்வைச் சுற்றி வாழ வேண்டியிருக்கிறது. சில நூறு ரூபாய் ஊசியில் நிறுத்தியிருக்க வேண்டியதை லட்சக்கணக்கில் செலவு செய்து பாதி மீட்கிறோம்.

நம் நாட்டு மருத்துவர்களுக்கு இது தெரியாததல்ல. பர்மாவில் பிறந்த தமிழரும் இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவருமான எஸ்.பத்மாவதி, 1950-களிலிருந்தே டெல்லியில் இந்த நோயைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2000-களில் இந்த நோய்க்காக நடத்திய திட்டத்தில் நம் வேலூரும் ஓர் ஆய்வு மையம். வசதி குறைந்த கியூபா நாட்டில், பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986 முதல் 1996 வரை பத்து ஆண்டுகள் பள்ளிகள், ஊர் மருத்துவர்கள், நோயாளிப் பதிவேடு ஆகியவற்றை வைத்தே இந்த நோயை வெகுவாகக் குறைத்துக் காட்டினார்கள். அறிவும் அனுபவமும் இருக்கின்றன. அவை காலனி வரை வந்து சேரவில்லை.

நாம் கேட்பவை

முதலாவது, எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பென்சத்தின் பென்சிலின் ஊசி போடப்பட வேண்டும். செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பயிற்சி கொடுங்கள். ஒவ்வாமை வந்தால் சமாளிக்கத் தேவையான மருந்தைக் கையிருப்பில் வையுங்கள். நேர்மையாகக் கடமை செய்யும்போது அரிதாக ஏதேனும் நடந்தால் அவர்களைத் தனியே நிறுத்தாமல் துறை பாதுகாக்கட்டும்.

இரண்டாவது, ஒன்றியந்தோறும் பதிவேடு. எந்தப் பிள்ளைக்கு எந்தத் தேதியில் ஊசி என்று அரசு எழுதி வைக்கட்டும். தேதி தவறினால் வீட்டுக்கு ஆள் வரட்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வரவேற்கிறோம். அதே தன்னார்வலர்கள் இந்தப் பிள்ளைகளுக்கு ஊசித் தேதியை நினைவூட்ட முடியாதா? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் டிரங்குப் பெட்டியில் இருந்த நோட்டுதான் இத்தனை நாளும் அரசின் பதிவேடாக இருந்திருக்கிறது.

மூன்றாவது, பள்ளிப் பரிசோதனை. 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வருகிறது. அவர்கள் தேட வேண்டிய நோய்களின் பட்டியலில் ருமாட்டிக் இதய நோயும் இருக்கிறது. உயரம், எடை, பல், கண் பார்த்துவிட்டுப் போகாமல், ஒவ்வொரு பிள்ளையின் இதயத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகம் உள்ளவர்களுக்கு எக்கோ பரிசோதனைக்கு வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

நான்காவது, முதல் கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே எல்லாப் பெண்களின் நெஞ்சையும் கேட்டுப் பார்ப்பதும், சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்பதும் கட்டாயமாக வேண்டும்.

ஐந்தாவது, இடம். விடுதிகளில் பிள்ளைக்கு ஒரு கட்டில், கட்டில்களுக்கு நடுவே இடைவெளி, காற்று வரும் சன்னல். காலனிகளில் கூட்டுக் குடும்பமாக நெருக்கியடித்து வாழ்வோருக்குத் தனித்தனி மனை. ஏற்கெனவே பட்டா கொடுத்த மனைகளை அளந்து கையில் ஒப்படைத்தல். பட்டியல் சாதியினருக்கான நிதியை வேறு செலவுக்குத் திருப்பாமல் தடுக்க 2024-இல் தமிழ்நாடு சட்டமன்றம் துணைத்திட்டச் சட்டம் நிறைவேற்றியது. அந்த நிதியில் நிலம் வாங்கட்டும். வீட்டுமனையை நலத்திட்டம் என்றே பேசிப் பழகிவிட்டோம். அது மருத்துவமும்கூட.

ஊசி மட்டும் போதும் என்றால், நோய் வந்த பிள்ளையைக் காப்பாற்றுவோம், அடுத்த பிள்ளைக்கு வருவதைத் தடுக்க மாட்டோம். இடம் மட்டும் போதும் என்று காத்திருந்தால், இடம் வருவதற்குள் இன்றைக்கு ஊசி தேவைப்படும் பிள்ளை போய்விடும். இரண்டும் வேண்டும்.

பெற்றோருக்கும் மாணவர்களுக்கும்

அரசு செய்யும் வரை நாம் சும்மா இருக்க முடியாது. பிள்ளைக்கு எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலியும் காய்ச்சலும் நெறிகட்டும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாத் தொண்டை வலிக்கும் இந்த மருந்து தேவையில்லை. எனவே மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள். மருத்துவர் பத்து நாளுக்கு மாத்திரை எழுதினால் மூன்று நாளில் வலி போனாலும் பத்து நாளும் கொடுங்கள். மூட்டு மூட்டாக மாறி வரும் வீக்கமும் காய்ச்சலும், ஓடினால் மூச்சு வாங்குவதும், கை கால் தன்னிச்சையாகத் துள்ளுவதும் கண்டால் தாமதிக்காதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று சொன்னால், பிள்ளை நன்றாக ஓடியாடுகிறது என்பதற்காக நிறுத்தாதீர்கள். அந்த ஊசி வேலை செய்வதால்தான் பிள்ளை ஓடியாடுகிறது. வால்வு பழுதானவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் தங்கள் நோயைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பல்லிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி பழுதான வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் தெருவில் இப்படி ஊசி போட்டு நிறுத்திய பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பெரிய ஆய்வொன்றும் தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இருந்தால் அவர்களை மீண்டும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஊசித் தேதியை உங்கள் கைப்பேசியில் குறித்து வைத்து அந்த அம்மாவுக்கு நினைவூட்டுங்கள்.

அடுத்த கிராம சபைக் கூட்டம் எப்போது என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எழுந்து நின்று இரண்டு கேள்வி கேளுங்கள். நமது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பென்சிலின் ஊசி போடுகிறார்களா, இல்லையா? நமது காலனியில் மனையில்லாத குடும்பங்கள் எத்தனை, அவர்களுக்கு நிலம் எடுக்கும் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது? விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதும் வரை உட்காராதீர்கள்.